கப்போயிரா கேள்வி-பதில்: பல்டி எதற்கு?

கப்போயிராவை பிரேசில் நாட்டுச் சண்டைக்கலை என்கிறார்கள். அப்புறம் எதற்கு இத்தனை பல்டி? காற்றில் சுற்றும் நேரத்தில் அடி விழாதா?

விழும். எதிரே இருப்பவரை மறந்துவிட்டுச் சுற்றினால் கட்டாயம் விழும். கப்போயிராவில் ஆரம்பத்திலேயே சொல்லித்தருவது 'அவூ', அதாவது கை ஊன்றிப் பக்கவாட்டில் சுழல்வது. ஜிம்னாஸ்டிக்ஸில் இதே கரணத்துக்குக் கால் விறைப்பாக நீண்டிருக்கும், பார்வை தரையில் இருக்கும். இங்கே பெரும்பாலும் முட்டி மடங்கி வயிற்றை மறைக்கும், கண் ஆளைப் பார்க்கும். காலை அகல விரித்து உயரமாகச் சுழல்கிறவரின் வயிறு திறந்து கிடக்கும். 'கபெசாடா' என்கிற தலைமுட்டு வருவது அங்கேதான்.

எனக்கு இது பட்டுத் தெரிந்தது. பழக ஆரம்பித்து மூன்று மாதம். அழகாக ஒரு அவூ போட்டேன் என்று நினைப்பு. ஆசான் முட்டக்கூட இல்லை. என் வயிற்றில் நெற்றியை வைத்து மெல்லத் தள்ளினார். பொத்தென்று உட்கார்ந்தேன். ஓங்கி முட்டியிருந்தால்கூட அவ்வளவு வெட்கமாக இருந்திருக்காது.

சரி, பயன்? எதிராளி காலை வார வரும்போது எடையைக் கைக்கு மாற்றித் தப்பலாம். சுழலும் உதை வந்தால் அது போகும் திசையிலேயே சுழன்று விலகலாம். தலைமுட்டு வந்துவிட்டதா, முழங்கையை விலாவுக்குக் கீழே முட்டுக்கொடுத்து அப்படியே தரைக்கு இறங்கலாம். இதற்குப் பெயர் 'கெடா ஜி ஹின்ஸ்'. தாழ உட்கார்ந்த நிலையில் மாட்டிக்கொண்டால் ஒரு கையைப் பின்னால் ஊன்றி மறுபக்கம் தாவ 'மகாக்கோ' இருக்கிறது. மகாக்கோ என்றால் குரங்கு. பார்த்தால் பெயர் ஏன் என்று விளங்கிவிடும். அவூ போடுவதுபோல் போக்குக் காட்டி, பாதியில் உதைக்கிற குறும்பும் உண்டு.

கப்போயிராவை உருவாக்கிய ஆப்பிரிக்க அடிமைகளின் கையில் விலங்கு இருந்ததால்தான் காலும் கரணமும் வந்தனவாமே?

நல்ல கதை, ஆதாரம்தான் கிடையாது. ருகெண்டாஸ் என்ற ஜெர்மன் ஓவியர் 1835-ல் வெளியிட்ட கப்போயிராப் படத்தில் இருவர் எதிரெதிரே நிற்கிறார்கள், ஒருவர் மேளம் அடிக்கிறார். விலங்கும் இல்லை, பல்டியும் இல்லை. இறந்தவர்களின் உலகம் நம் உலகுக்குத் தலைகீழானது என்ற ஆப்பிரிக்கக் கொங்கோ மக்களின் நம்பிக்கையோடு கைநிலையை, அதாவது கையில் தலைகீழாக நிற்பதை, இணைத்துப் பார்க்கும் ஆய்வாளர்களும் உண்டு. எனக்கு அது பிடிக்கும். ஆனாலும் ஊகம்தான்.

அந்தக் கால ஆசான்கள் பல்டியே அடிக்கவில்லையா?

மெஸ்ட்ரே (ஆசான்) பிம்பா பிரேசிலின் சால்வடோர் நகரில் வளர்த்த ஹெஜியோனல் பாணியில் 'சிந்துரா டெஸ்ப்ரெசாடா' என்றொரு பயிற்சித் தொடர் உண்டு. ஒருவர் மற்றவரைத் தூக்கி எறிவார். எறியப்பட்டவர் காலில் வந்து இறங்க வேண்டும். விழும்போது குலையாமல் இருக்கப் பழகுவதுதான் நோக்கம். மெஸ்ட்ரே பாஸ்டின்யாவின் 'அங்கோலா' என்ற பாணியில் தலைகீழ் நிலைகள் எல்லாம் மெதுவாக, தரையோடு ஒட்டி வரும். கைநிலைக்கு 'பனனெய்ரா', வாழைமரம், என்று பெயர். இன்று வீடியோக்களில் பார்க்கும் அடுக்குப் பல்டி பெரும்பாலும் பின்னாளில், மேடை நிகழ்ச்சிகளோடு சேர்ந்து வளர்ந்தது. எனக்கு அதில் விரோதம் இல்லை. ஆனால் பெரிம்பாவ் என்கிற ஒற்றைக் கம்பி வில் வாத்தியம் மெதுவான அங்கோலா தாளம் வாசிக்கும்போது ஒருவர் உள்ளே புகுந்து பின்பல்டி அடித்தால், கச்சேரி நடுவே விசில் அடித்ததுபோல் இருக்கும்.

எனக்கு வயது 41. பின்பல்டி இல்லாமல் ஓட்ட முடியுமா?

தாராளமாக. பாஸ்டின்யா முதுமையிலும் ஆடினார்.

மணிக்கட்டு வலிக்கிறது. வீட்டில் எப்படிப் பழகுவது?

வலி அடங்கும்வரை கையில் எடை வேண்டாம். நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள். அப்புறம் புல்தரையிலோ மணலிலோ தொடங்குங்கள். குந்தி உட்கார்ந்து, விரல்களை விரித்து ஊன்றி, காலை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் சின்னதாகத் துள்ளிப் போட்டால் போதும். உயரம் தானாக வரும். எதிரே ஒரு ஆளை நிறுத்தி விரல்களைக் காட்டச் சொல்லுங்கள். தலைகீழாக இருக்கும்போதே மூன்றா நான்கா என்று சரியாகச் சொல்ல வரும்வரை, ஆட்டம் நடக்கும் 'ஹோடா' வட்டத்துக்குள் அவூ போட வேண்டாம்.