சொந்தக் காரைத் தூக்கி வந்தாலும் திருட்டுதானா?

கேள்வி: என் தாத்தா கோவையில் ஒரு மில்லில் இன்ஜினீயராக இருந்தவர். 1975-இல் ஸ்டேட் டிரேடிங் கார்ப்பரேஷன் ஏலத்தில், தூதரகக்காரர் ஒருவர் விட்டுப்போன 1971 மாடல் ஃபியட் 124 ஸ்போர்ட் ஸ்பைடர் காரை எடுத்தார். கூரையை மடக்கிவிட்டு ஓட்டுகிற இரண்டு கதவு வண்டி. அப்பாவைச் சோழவரம் ரேஸுக்கு அதில்தான் கூட்டிப் போவாராம். 1998-இலிருந்து ஷெட்டில் நின்றது. தாத்தா 2009-இல் காலமானார்.

2024 ஆகஸ்டில், பழைய கார்களைப் புதுப்பிக்கும் ஒரு பட்டறையில் வண்டியை விட்டேன். பழையபடி அச்சு அசலாக ஆக்கித் தர 14 லட்சம், ஒரு வருடம் என்று பேச்சு. எல்லாம் வாட்ஸ்அப்பில்தான், அக்ரிமென்ட் கிடையாது. வங்கி வழியாக 11 லட்சம் கொடுத்துவிட்டேன். போன மாதம் போய்ப் பானட்டைத் திறந்தால், உள்ளே பிரீமியர் 118என்இ காரின் இன்ஜின் உட்கார்ந்திருக்கிறது! ஒரிஜினலில் ஹெட் (இன்ஜினின் மேல்பாகம்) கிராக், அதற்கு உலகத்திலேயே பார்ட்ஸ் கிடையாது என்கிறார் பட்டறைக்காரர். பழைய இன்ஜின் எங்கே என்றால் சரியான பதில் இல்லை. மீதி 3 லட்சமும், நிறுத்தி வைத்ததற்கு நாளுக்கு 300 ரூபாயும் தந்தால்தான் வண்டியாம்.

இன்னொரு சாவி என்னிடம் இருக்கிறது. நாலு பேரைக் கூட்டிக்கொண்டு ரெக்கவரி வண்டியோடு போய்த் தூக்கி வந்துவிடலாமா? இத்தாலியில் ஒரு பழைய இன்ஜின் விலைக்கு இருக்கிறது, அதை வரவழைக்கலாமா? ஆர்.சி. புக் இன்னும் தாத்தா பெயரிலேயே இருப்பது சிக்கலா?

பதில்: முதலில் அந்தச் சாவியைப் பீரோவில் வைத்துப் பூட்டுங்கள்.

சொந்தப் பொருளை எடுத்தால் எப்படித் திருட்டாகும் என்று கேட்பீர்கள். ஆகும். பாரதிய நியாய சன்ஹிதா 303-ஆம் பிரிவு திருட்டைச் சொல்கிறது. அதன்கீழ் உள்ள உதாரணங்களில் ஒன்று கைக்கடிகாரம் பற்றியது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்திலிருந்து அப்படியே வந்தது. கடிகாரத்தைப் பழுதுபார்க்கக் கொடுக்கிறார் ஒருவர். கூலி பாக்கி இருக்கிறது, அதற்கு ஈடாகக் கடைக்காரர் கடிகாரத்தைச் சட்டப்படி பிடித்து வைத்திருக்கிறார். அந்தப் பிடிமானத்தைப் பறிக்கும் எண்ணத்தோடு சொந்தக்காரரே எடுத்துப் போனால், அது திருட்டு. உங்கள் கதையில் கடிகாரத்துக்குப் பதில் கார், அவ்வளவுதான். நாலு பேரோடு போனால் வழக்கு இன்னும் கனமாகும். இப்போது புகார்தாரராக இருக்கும் நீங்கள் மறுநாள் காலை முன்ஜாமீனுக்கு அலைவீர்கள்.

சரி, அவர் பிடித்து வைத்திருப்பது சட்டப்படிதானா? நம் கை ஓங்குவது இங்கேதான்.

இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872, பிரிவு 170. ஒரு பொருளை வாங்கி, அதில் உழைப்பையோ திறமையையோ செலுத்தி வேலை செய்தவர், கூலி வரும்வரை பொருளைப் பிடித்து வைக்கலாம். அந்தச் சட்டமே வைரத்தை உதாரணம் காட்டுகிறது: பட்டை தீட்டக் கொடுத்த கல்லை, கூலி தரும்வரை நகைக்காரர் வைத்துக்கொள்ளலாம். பெரும்பாலான பட்டறைக்காரர்களுக்கு இதுவரைக்கும் தெரியும். அதே பிரிவில் உள்ள ஒரு நிபந்தனையைத்தான் மறந்துவிடுவார்கள். செய்த வேலை, பொருளைக் கொடுத்த நோக்கத்துக்கு இணங்கியதாக இருக்க வேண்டும். நீங்கள் கொடுத்தது 1971 ஸ்பைடரை அச்சு அசலாக மீட்டுத் தருவதற்கு. அவர் செய்தது அதன் இன்ஜினைக் கழற்றிவிட்டு வேறொன்றை மாட்டியது. வைரத்தைத் தீட்டக் கொடுத்தால் கண்ணாடிக் கல்லைப் பதித்துத் தந்துவிட்டுக் கூலி கேட்பது போலத்தான் இது. தகரம், பெயின்ட், சீட் வேலைக்கு அவருக்குக் கூலி உண்டு, மறுக்க வேண்டாம். ஆனால் அதற்கு மேலேயே நீங்கள் கொடுத்திருக்கிறீர்களா இல்லையா என்பதைக் கணக்குப் பார்த்துத்தான் சொல்ல முடியும். அந்தக் கணக்கைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

நாளுக்கு 300 ரூபாய் விஷயம். தன் கூலிக்காகத் தானே பிடித்து வைத்திருப்பவர், அப்படிப் பிடித்து வைத்ததற்கும் வாடகை கேட்க முடியாது. 1860-இல் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபையில் முடிந்த வழக்கு ஒன்று இருக்கிறது. கப்பலைப் பழுதுபார்த்தவர், பணம் வரும்வரை கப்பலைத் தன் துறையில் நிறுத்திவிட்டு, நாளுக்கு 21 பவுண்டு துறைக் கட்டணமும் போட்டார். கட்டணம் செல்லாது என்று தீர்ப்பு. நம் நீதிமன்றங்களை அது கட்டுப்படுத்தாது, ஆனாலும் எடுத்துக்காட்டத் தடையில்லை. நிறுத்தக் கட்டணம் உண்டு என்று நீங்கள் வாட்ஸ்அப்பில் எங்காவது ‘ஓகே’ போட்டிருந்தால் மட்டும் கதை வேறு. ஒரு தடவை முழுசாகத் தேடிப் பாருங்கள். கட்டைவிரல் படம்கூட ஒப்புதல்தான் என்று வாதாடுவார்கள்.

வண்டியை விற்றுப் பாக்கியை எடுத்துக்கொள்வேன் என்று அவர் மிரட்டினால் பயப்பட வேண்டாம். 170-ஆம் பிரிவு பிடித்து வைக்கும் உரிமையைத்தான் தருகிறது. விற்கும் உரிமையைத் தரவில்லை.

இனி பழைய இன்ஜின். வழக்கின் உயிர் அதில்தான் இருக்கிறது. உங்கள் கடிதத்தில் அதற்கு ஒரே ஒரு வரிதான் ஒதுக்கியிருக்கிறீர்கள்!

அந்த 1608 சி.சி. ட்வின் கேம் இன்ஜின், முன்பு ஃபெராரிக்கு இன்ஜின் வடிவமைத்த ஆரேலியோ லாம்ப்ரெடியின் கைவண்ணம். 118என்இ காரின் உடல் ஃபியட் 124 வழி வந்தது என்பது உண்மை. அதனால்தான் பட்டறைகளில் ‘ரெண்டும் ஒரே குடும்பம்’ என்பார்கள். ஆனால் 118என்இ-யின் இன்ஜின் நிசானுடையது, 1171 சி.சி. உங்கள் இத்தாலியக் காரில் இப்போது ஓடுவது ஜப்பானிய இதயம்.

ரசனை ஒருபுறம் இருக்கட்டும், சட்டத்திலும் இது பெரிய அடி. 2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 81ஏ முதலான விதிகள் வந்தன. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த, வணிகத்துக்குப் பயன்படாத வண்டியை ‘விண்டேஜ்’ என்று பதியலாம். கட்டணம் 20,000 ரூபாய், 10 ஆண்டு செல்லும், பிறகு மறுபதிவுக்கு 5,000. தாத்தா பதிந்த 1975-இலிருந்து எண்ணினாலும் உங்கள் வண்டி 50-ஐத் தொட்டுவிட்டது. ஆனால் சேஸிஸிலோ பாடியிலோ இன்ஜினிலோ மாற்றம் இல்லாமல் அசல் வடிவில் இருக்க வேண்டும் என்று விதி சொல்கிறது. இந்த 118என்இ இன்ஜினோடு போனால் ஆய்வுக் குழு திருப்பி அனுப்பிவிடும். அப்புறம், விண்டேஜ் பதிவு வாங்கிவிட்டு ஞாயிறுதோறும் ஊட்டிக்கு ஓட்டலாம் என்று நினைத்திருந்தால் அதை மறந்துவிடுங்கள். கண்காட்சி, ரேலி, பெட்ரோல் போடுவது, பழுதுபார்ப்பது போன்றவற்றுக்குத்தான் அது சாலைக்கு வரலாம்.

விண்டேஜ் வேண்டாம், சாதாரணப் பதிவையே புதுப்பிக்கிறேன் என்றாலும் மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52 குறுக்கே நிற்கும். ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. அனுமதியின்றி இன்ஜின் மாறியிருந்தால் உரிமையாளர் 14 நாளுக்குள் பதிவு அலுவலரிடம் தெரிவிக்க வேண்டும். பிரிவு 182ஏ-யின்படி, அனுமதியில்லாத மாற்றத்துக்கு உரிமையாளருக்கே ஆறு மாதம்வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். பட்டறைக்காரர் செய்ததற்கு உங்கள் தலை உருளும். ஆகவே ‘இந்த இன்ஜின் மாற்றம் என் சம்மதமின்றி நடந்தது, இன்ன தேதியில்தான் எனக்குத் தெரியவந்தது’ என்ற வாக்கியம் உங்கள் நோட்டீஸில் கட்டாயம் இருக்க வேண்டும். அந்த நிலையில் வண்டியை ரோட்டில் ஓட்டாதீர்கள், டெஸ்ட் டிரைவ் என்ற பெயரில்கூட.

‘பார்ட்ஸ் உலகத்திலேயே கிடையாது’ என்ற வாதம் வேறு காருக்கு எடுபடலாம், ஸ்பைடருக்கு எடுபடாது. 1966-இல் டூரினில் அறிமுகமாகி 1985 வரை, ஏறக்குறைய இரண்டு லட்சம் வண்டிகள் செய்யப்பட்டன. பெரும்பகுதி அமெரிக்காவுக்குப் போனது. அதனாலேயே அங்கு கேஸ்கட், டைமிங் பெல்ட், வால்வு எல்லாம் இன்றைக்கும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். இரண்டு கடைகளிடம் விலை கேட்டு ஈமெயில் அனுப்பி, வந்த பதில்களைத் தேதியோடு அச்செடுத்து வையுங்கள். ஒரு பக்க வாதத்தைவிட அந்த இரண்டு தாள் பேசும். ஃபியட்டின் ஹெரிடேஜ் துறை தரும் தயாரிப்புச் சான்றுக்கும் டூரினுக்கு எழுதுங்கள். சேஸிஸ் எண்ணை வைத்துத் தருவார்கள்.

எங்கே போவது? கோவை மாவட்ட நுகர்வோர் ஆணையம். பட்டறை எந்த ஊரில் இருந்தாலும், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் ஊரிலேயே புகார் கொடுக்கலாம். கொடுத்த தொகை 50 லட்சத்துக்குள் என்பதால் மாவட்ட ஆணையமே போதும். உங்கள் 11 லட்சத்துக்குக் கட்டணம் 400 ரூபாய். காலக்கெடு இரண்டு ஆண்டு. அதை ஒரு வருட வாய்தா முடிந்த 2025 ஆகஸ்டிலிருந்தே எண்ணிக்கொள்ளுங்கள், வம்பில்லை. எதிர்த்தரப்பு பதில் தர அதிகபட்சம் 45 நாள். ஏட்டின்படி மூன்று மாதத்தில் தீர்ப்பு வர வேண்டும். ஏட்டின்படி என்றுதான் சொன்னேன்.

புகாரோடு ஓர் இடைக்கால மனுவும் போடுங்கள்: வண்டியையும் கழற்றிய பாகங்களையும் விற்கவோ வெளியே கொண்டுபோகவோ கூடாது, ஒரு ஆணையரை அனுப்பிப் பட்டியல் எடுக்க வேண்டும் என்று. கூடவே, தகராறில் உள்ள தொகையை ஆணையத்திலேயே கட்டிவைக்கத் தயார் என்று எழுதுங்கள். பணத்துக்காகத்தான் பிடித்து வைத்திருக்கிறேன் என்பவருக்கு அதற்குமேல் சொல்ல வாயிருக்காது. நான் பார்த்தவரை பாதி வழக்குகள் இந்த இடத்திலேயே இளகிவிடும்.

இன்ஜினையே திரும்பப் பெற வேண்டும், நஷ்டஈடு போதாது என்றால் சிவில் நீதிமன்றமும் இருக்கிறது. குறிப்பிட்ட பரிகாரச் சட்டம் பிரிவு 8, பணம் ஈடாகாத பொருளையும் நஷ்டத்தை அளவிடக் கடினமான பொருளையும் அப்படியே ஒப்படைக்கச் சொல்ல வழி தருகிறது. ஆர்.சி.யோடு எண் பொருந்திய அசல் இன்ஜினைவிட அதற்கு நல்ல உதாரணம் கிடைக்காது. ஆனால் முதலில் அது எங்கே என்று தெரிய வேண்டும். உடைந்திருந்தாலும் உங்களுடையதே, பழைய இரும்பாகப் போட்டிருந்தால் போட்ட இடத்தைச் சொல்ல வேண்டும். நோட்டீஸில் 15 நாள் கொடுங்கள். பதில் இல்லையென்றால் நம்பிக்கை மோசடிக்கு, பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 316-இன்கீழ் போலீஸில் புகார். ‘இது சிவில் மேட்டர்’ என்பார்கள். குறைந்தது, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதாவது வாங்காமல் வராதீர்கள்.

வாட்ஸ்அப் பேச்சு சாட்சியமாகும். அந்த ஃபோனை மாற்றாதீர்கள், ரீசெட் செய்யாதீர்கள். மின்னணுப் பதிவுக்கான பாரதிய சாட்சிய அதினியம் 63-ஆம் பிரிவுச் சான்றிதழையும் சேர்த்துத் தாக்கல் செய்ய வேண்டும்.

இத்தாலி இன்ஜினுக்கு இப்போது முன்பணம் அனுப்பாதீர்கள். பயன்படுத்திய பொருளை வெளிநாட்டிலிருந்து கொண்டுவர அயல்நாட்டு வர்த்தகக் கொள்கையில் கட்டுப்பாடு உண்டு, முன் அனுமதி வேண்டும். இல்லாவிட்டால் சுங்கத்தில் பறிமுதல், மீட்க அபராதம் என்று இழுக்கும். புதிதாகச் செய்த உதிரிபாகங்களுக்கு அந்தத் தடை இல்லை, வரி கட்டினால் வரும். அதோடு, வரும் இன்ஜினில் வேறு எண்தான் இருக்கும். உங்கள் ஆர்.சி.யோடு அது ஒத்துப்போகாது, மறுபடி பிரிவு 52. கிராக் விட்ட ஹெட்டை மாற்றிக்கொள்ளலாம். எண் குத்தியிருப்பது ஹெட்டுக்குக் கீழே உள்ள பிளாக்கில், அதைக் காப்பாற்றுவதுதான் முக்கியம்.

கடைசியாக ஆர்.சி. விஷயம். வண்டியை ஒப்படைத்தவருக்கு உரிமை இல்லை என்று, அதை வாங்கி வைத்துக்கொண்ட பட்டறைக்காரர் வாதாட முடியாது. சாட்சியச் சட்டம் அதைத் தடுக்கிறது. பணம் கொடுத்த நுகர்வோரும் நீங்கள்தான். ஆனால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அது செல்லாது. தாத்தா உயில் எழுதாவிட்டால் வண்டி அப்பாவுக்கு மட்டுமல்ல, உங்கள் அத்தைகளுக்கும் சொந்தம். வட்டாட்சியரிடம் வாரிசுச் சான்று வாங்கி, எல்லாருடைய சம்மதக் கடிதத்தோடு, பெயர் மாற்றத்துக்கான படிவம் 31 கொடுங்கள். மூன்று மாதத்தில் செய்திருக்க வேண்டியதைப் பல ஆண்டு தள்ளியிருக்கிறீர்கள், தாமதக் கட்டணம் கட்ட நேரும். அத்தைகளிடம் இப்போதே பேசுங்கள். வண்டி பளபளவென்று வாசலில் வந்து நின்ற பிறகு பேசினால் பேச்சு வேறு மாதிரி இருக்கும்.

இந்த வாரம் செய்ய வேண்டியது ஒன்றுதான். வண்டியைப் பார்க்க வருகிறேன் என்று எழுத்தில் கேட்டுக்கொண்டு, பகலில், ஒரு சாட்சியோடு போங்கள். சண்டை போடாதீர்கள். சேஸிஸ் எண் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்சு எடுங்கள். உள்ளே உட்கார்ந்திருக்கும் 118என்இ இன்ஜினின் எண்ணையும் அப்படியே எடுங்கள். அந்த இன்ஜினும் யாரோ ஒருவர் ஆர்.சி.யில் இருந்து வந்ததுதானே. இரண்டு தாளையும் தாத்தாவின் ஆர்.சி. புக்கையும் எடுத்துக்கொண்டு வக்கீலைப் பாருங்கள்.