மேடையில் யார் யார்?

கேள்வி: எங்கள் பல்கலைக்கழகத்தோடு தொடர்புள்ள கவிஞர்களைக் கொண்டாட ஒரு மாலை நிகழ்ச்சி நடத்தப் போகிறோம். இலக்கியத் துறைப் பேராசிரியர்களை மட்டும் அழைத்தால் போதாதா?

பதில்: போதாது. ஆங்கிலக் கவிஞர் பிலிப் லார்கின் இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் 1955 முதல் 1985இல் இறக்கும்வரை நூலகராகத்தான் இருந்தார். உங்கள் தேர்வுப் பிரிவிலும் யாராவது ஒருவர் மேசை இழுப்பறைக்குள் கவிதை நோட்டு வைத்திருப்பார், விசாரித்துப் பாருங்கள். சிகாகோவில் பாடம் நடத்திக்கொண்டே ஏ.கே. ராமானுஜன் குறுந்தொகைப் பாடல்களை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனாரே, அந்த மாதிரி மொழிபெயர்ப்பவர்களையும் விட்டுவிடாதீர்கள். அப்புறம், அறிமுக உரைக்குப் பத்து நிமிடம், கவிதைக்கு இரண்டு நிமிடம் என்று மட்டும் ஆக்கிவிடாதீர்கள். கவிஞர் கையிலிருக்கும் தாளை மடிப்பதும் பிரிப்பதுமாக உட்கார்ந்திருப்பதைப் பார்க்கச் சகிக்காது. மறைந்தவர்களின் கவிதைகளை மாணவர்களே வாசிக்கட்டும்.