புது மாடல்கள் இவ்வளவு வந்த பிறகும் சிலர் ஏன் பழைய மவுஸையே விடாமல் வைத்திருக்கிறார்கள்?

கேள்வியோடு "வெறும் பழக்கதோஷம்தானே?" என்றும் கேட்டிருக்கிறீர்கள். இல்லை. பழக்கதோஷம் என்றால் பந்து வைத்த மவுஸையும் நாங்கள் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். பந்தைக் கழற்றி, உள்ளே இரண்டு உருளைகளில் வளையம் கட்டி நிற்கும் அழுக்கை நகத்தால் சுரண்டிய காலம் திரும்பி வரவேண்டும் என்று எங்களில் யாரும் கேட்பதில்லை. நாங்கள் தேடுவது 1999-க்குப் பிறகு பத்து ஆண்டுகளுக்குள் வந்த வயர் வைத்த ஆப்டிகல் மவுஸ்களை. மைக்ரோசாஃப்டின் இன்டெல்லிமவுஸ் எக்ஸ்ப்ளோரர் 3.0, வீல் மவுஸ் ஆப்டிகல், லாஜிடெக்கின் எம்எக்ஸ்500, எம்எக்ஸ்518 போன்றவை. நீங்கள் கேட்கிற விதத்தைப் பார்த்தால், நல்ல விலை கொடுத்து ஒரு வயர்லெஸ் மவுஸ் வாங்கியிருக்கிறீர்கள், பக்கத்து மேசைக்காரர் மஞ்சளேறிய பழைய மவுஸைத் தரமாட்டேன் என்கிறார் என்று தோன்றுகிறது. அவர் பக்கம் நியாயம் இருக்கிறது.

மவுஸில் தேய்கிற பாகங்களில் முக்கியமானவை நான்கு. கிளிக் ஸ்விட்ச், வீல் எவ்வளவு சுழன்றது என்று எண்ணும் என்கோடர், வயர் அல்லது பேட்டரி, பிறகு மேல் தோல். மவுஸின் அசைவைப் படிக்கும் சென்சார் தேயாது. இந்த இருபது ஆண்டுகளில் கம்பெனிகள் பணத்தைக் கொட்டி வளர்த்தது அந்தத் தேயாத சென்சாரை. தேய்கிற நான்கிலும் கை வைத்துச் செலவைக் குறைத்தார்கள். பழைய மவுஸை ஆதரிப்பவர்களின் வாதம் மொத்தமும் இதற்குள் அடங்கிவிடும்.

சென்சாரில் புதுசுதான் மேல் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் கீழே பின்னூட்டத்தில் வந்து அதையே பிடித்துக்கொள்வார்கள். எக்ஸ்ப்ளோரர் 3.0-வின் சென்சார் 400 டிபிஐ. அதாவது ஓர் அங்குலம் நகர்த்தினால் 400 புள்ளி. விண்டோஸில் பாயின்டர் வேகத்தை நடு நிலையில் வைத்து, "என்ஹான்ஸ் பாயின்டர் பிரிசிஷன்" டிக்கையும் எடுத்துவிட்டால், 1920 அகலத் திரையைக் கடக்க 4.8 அங்குலம் போதும். அது கைக்கு இதமான தூரம். 4கே திரை 3840 அகலம், அங்கே 9.6 அங்குலம், ஏறக்குறைய 24 செ.மீ., கையை இழுக்க வேண்டும். வேகத்தை மென்பொருளில் கூட்டினால் புள்ளிகள் தாவும், சின்னக் கட்டத்தில் அம்புக்குறியை நிறுத்த முடியாது. அதனால் 4கே திரை வைத்திருப்பவருக்கு 400 டிபிஐ மவுஸை நான் பரிந்துரைக்க மாட்டேன். 1600 டிபிஐ கொண்ட எம்எக்ஸ்518 அங்கேயும் தாங்கும். ஆனால் எட்டாயிரம், பதினாறாயிரம் என்று அட்டைப்பெட்டியில் அச்சிடும் டிபிஐ எண்களால் எக்ஸெல் பார்ப்பவருக்கோ டிடிபி செய்பவருக்கோ ஒரு பயனும் இல்லை. நடுவில் லேசர் மோகம் ஒன்று வந்ததும் நினைவிருக்கட்டும். 2004-இல் லாஜிடெக் எம்எக்ஸ்1000 தொடங்கிவைத்தது. பளபளப்பான மேசையில் நன்றாக ஓடியது. துணி மவுஸ்பேடில் வைத்தால் நூலிழைக்குள் ஆழமாகப் பார்த்து, கை வேகத்துக்கு ஏற்பத் தூரக் கணக்கை மாற்றியது. பிறகு விளையாட்டு மவுஸ்களே எல்இடி பக்கம் திரும்பிவிட்டன.

இனி ஸ்விட்ச். புது மவுஸ்களைப் பற்றி வரும் புகார்களில் முதலிடம் இதற்குத்தான். ஒரு தடவை அழுத்தினால் இரண்டு தடவை கிளிக் ஆகிறது. உள்ளே இருப்பது 12.8 மி.மீ. நீளமுள்ள சின்னக் கறுப்புப் பெட்டி. அதற்குள் வளைந்த ஒரு செம்புக் கலப்பு இலை, அழுத்தும்போது டக்கென்று தாவி ஒரு முனையைத் தொடும். எந்த உலோக முனையிலும் நாளடைவில் மெல்லிய ஆக்சைடு படலம் படியும். பழைய மவுஸ்களில் யூஎஸ்பியின் 5 வோல்ட் நேரடியாக ஸ்விட்சுக்குப் போனது. ஒவ்வொரு கிளிக்கிலும் அந்தப் படலத்தைத் துளைக்கும் அளவு மின்சாரம் ஓடியது. புது சிப்கள் 3.3 வோல்ட்டிலும் அதற்குக் கீழேயும் வேலை செய்கின்றன. பேட்டரியை மிச்சப்படுத்த மின்னோட்டத்தையும் சுருக்கிவிட்டார்கள். படலம் அப்படியே தங்குகிறது, தொடர்பு விட்டு விட்டுப் பிடிக்கிறது. அதே மாடல் ஸ்விட்ச் பழையதில் பத்து வருடம் ஓடி, புதியதில் இரண்டு வருடத்தில் இடக்கு செய்வதற்கு இதுதான் பெரிய காரணம். ஸ்விட்ச் மேல் போட்டிருக்கும் ஒரு கோடி, இரண்டு கோடி, ஐந்து கோடி கிளிக் என்ற எண்ணெல்லாம் இலை உடையாமல் தாங்கும் கணக்கு. இரட்டைக் கிளிக் அதற்கு வெகு முன்னரே வந்துவிடும்.

கோளாறு ஸ்விட்சில்தானா என்று பார்க்க நூறு தடவை கிளிக் செய்ய வேண்டியதில்லை. ஒரு ஃபைலை அழுத்திப் பிடித்தபடி திரையில் வட்டமாக இழுங்கள், விரலின் அழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். நடுவழியில் ஃபைல் கைநழுவி விழுந்தால் ஸ்விட்ச் போய்விட்டது. லினக்ஸில் இந்த அதிர்வை, மவுஸ் உள்ளீட்டைக் கையாளும் லிப்இன்புட் என்ற மென்பொருள் ஓரளவு வடிகட்டிவிடுவதால் அங்கே நன்றாக இருப்பது போலத் தெரியும். சோதனையை விண்டோஸில் செய்யுங்கள்.

ஸ்விட்சை மாற்றுவது கடினமல்ல. மவுஸைக் கணினியிலிருந்து கழற்றிவிட்டு, அடிப்பகுதியில் ஒட்டியிருக்கும் வழுவழுப்பான பாதங்களை ஹேர் டிரையரால் லேசாகச் சூடாக்கி மெல்ல உரியுங்கள். ஸ்க்ரூ அதன் அடியிலோ ஸ்டிக்கருக்கு அடியிலோ ஒளிந்திருக்கும். மேல் ஓட்டைத் திறக்கும்போது ஒரேயடியாகப் பிரிக்கக்கூடாது. பல மாடல்களில் மேலுக்கும் கீழுக்கும் நடுவே தட்டையான ரிப்பன் வயர் ஓடும், அது கிழிந்தால் பக்கவாட்டு பட்டன்கள் செத்துவிடும். ஸ்விட்சின் தலை எந்தப் பக்கம் என்று ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று கால்களுக்கும் ஈயம் நன்றாக இளக உதவும் ஃப்ளக்ஸ் தடவி, புது 63/37 (வெள்ளீயம், காரீயம் கலந்த) சால்டர் ஈயத்தைக் கொஞ்சம் சேர்த்து, சால்டரிங் அயர்னால் 350 டிகிரி செல்சியஸில் ஒரு காலுக்கு மூன்று விநாடிக்கு மேல் போகாமல் சூடாக்கி, செம்புப் பின்னலால் ஈயத்தை உறிஞ்சுங்கள். பழைய ஈயம் மட்டும் இருந்தால் இளகச் சோம்பும். அதற்காக அழுத்தித் தேய்த்தால் போர்டில் இருக்கும் செம்புத் தடம் உரிந்து வரும். இந்த வேலையில் அதிகம் பேர் கெடுத்துக்கொள்வது இந்த இடத்தில்தான். புதிதாகப் போட ஓம்ரான் கம்பெனியின் டி2எஃப்-01எஃப் பாருங்கள். குறைந்த மின்னோட்டத்துக்கென்றே தங்கக் கலப்பு முனை வைத்தது. கெய்ல், ஹுவானோ, டிடிசி ஆகிய கம்பெனிகளின் மூன்று கால் ஸ்விட்ச்களும் அதே துளையில் உட்காரும். உலோக முனைக்குப் பதில் ஒளியால் வேலை செய்யும் ஆப்டிகல் ஸ்விட்ச் மட்டும் உட்காராது, அதற்குப் போர்டே வேறு. சென்னை ரிச்சி தெருவில் தேடினால் ஸ்விட்ச் கிடைக்கும். பேரைப் பார்த்து வாங்கிவிடாமல் நான்கைந்தைக் கையில் அழுத்திப் பாருங்கள். ஒன்றுக்கொன்று சத்தமும் அழுத்தமும் மாறினால் அது போலி அல்லது கழற்றி எடுத்த பழைய சரக்கு.

உடனே ஸ்விட்ச் கிடைக்கவில்லையா? வலது பட்டனின் ஸ்விட்ச் பாதிகூட உழைத்திருக்காது. இடதையும் வலதையும் இடம் மாற்றிப் போட்டாலே கொஞ்ச காலம் ஓடும்.

வீல் விஷயத்தில் பழைய மவுஸ்களின் பெருமை இன்னும் அதிகம். அந்தக் காலத்தின் நல்ல மவுஸ்கள் பலவற்றில் வீலைச் சுற்றிப் பற்கள் வெட்டியிருக்கும். ஒரு பக்கம் அகச்சிவப்பு எல்இடி, மறு பக்கம் ஒளி உணரி. எதுவும் எதையும் உரசுவதில்லை. கெட்டால் முடியோ தூசியோ பல்லில் சிக்கியிருக்கும், எடுத்துவிட்டால் சரி. இன்று பெரும்பாலும் வருவது உலோக விரல்கள் தகட்டின் மேல் உரசும் என்கோடர். கீழே உருட்டினால் திரையில் பக்கம் ஒரு துள்ளு மேலே போகிறதே, அது அந்த விரல்கள் அழுக்கேறித் தேய்ந்ததால்தான். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் ஒரு துளி விட்டு வீலை ஒரு நிமிடம் உருட்டினால் அடங்கும். ஆனால் உள்ளே இருக்கும் கிரீஸும் கரைந்து போவதால் அந்தக் கட்டுக்கட்டான உணர்வு தளர்ந்துவிடும், துள்ளலும் மீண்டும் வரும். மாற்றுவதுதான் முடிவான வழி. என்கோடர் பல உயரங்களில் வருகிறது. கழற்றியதை அளந்து, மி.மீ. பிசகாமல் அதே உயரத்தில் வாங்க வேண்டும். ஒரு மி.மீ. கூடினாலும் வீல் மேல் ஓட்டில் உரசும், குறைந்தால் நடு கிளிக் பிடிக்காது.

நடு கிளிக்கைத் தொட்டதால் என் மனத்தாங்கலையும் எழுதிவிடுகிறேன். ஆட்டோகேடில் வரைபடத்தை நகர்த்த, பிளெண்டரில் உருவத்தைச் சுழற்ற, பிரவுசரில் இணைப்பைப் புதுத் தாவலில் திறக்க, லினக்ஸில் தேர்ந்தெடுத்ததை ஒட்ட, எல்லாவற்றுக்கும் நடு பட்டன்தான். 2003-இல் மைக்ரோசாஃப்ட் பக்கவாட்டில் சாயும் வீலைக் கொண்டுவந்தபோது வீலின் கட்டுக்கட்டான நிறுத்தத்தையே எடுத்துவிட்டது. சாயும் வீல் வைத்த மவுஸ்களில் நேராக அழுத்த நினைத்தால் வீல் ஒரு பக்கம் சாய்ந்து வேறு கட்டளை போகிறது. வரைபட வேலை செய்பவர்களுக்கென்று ஹெச்பி விற்ற, வீலே இல்லாத மூன்று பட்டன் ஆப்டிகல் மவுஸை இன்றும் தேடி வாங்குகிறவர்கள் இருப்பது இதனால்தான். புதியதில் அதே வசதி வேண்டுமென்றால் 3டிகனெக்‌ஷன் கேட்மவுஸில் தனி நடு பட்டன் உண்டு. விலை அதிகம்.

லேப்டாப்பிலும் இதே கொடுமைதான். டச்பேடுக்குக் கீழே இரண்டு தனி பட்டன் இருந்ததை எதற்கு எடுத்தார்கள் என்று இன்றுவரை ஒருவரும் ஒழுங்காகச் சொல்லவில்லை. லெனோவோ 2013-இல் திங்க்பேட் டி440, எக்ஸ்240 மாடல்களில் விசைப்பலகையின் நடுவே அம்புக்குறியை நகர்த்த இருக்கும் சிவப்புக் குமிழுக்கான மூன்று பட்டன்களையும் டச்பேடுக்குள் கரைத்துவிட்டது. எதிர்ப்பு கிளம்பி, 2015-இன் டி450, எக்ஸ்250-இல் பட்டன்கள் திரும்பி வந்தன. வாங்குகிறவர்கள் சத்தம் போட்டால் நடக்கிறது. மற்ற லேப்டாப் வாங்குகிறவர்கள் சத்தமே போடவில்லை.

மேல் தோலுக்கு வருவோம். புதியவற்றில் தொட்டால் வெல்வெட் போல இருக்கும் ரப்பர் பூச்சு, காற்றின் ஈரத்தில் வேதிமாற்றம் அடைந்து பிசுபிசுக்கத் தொடங்கும். சென்னை, நாகை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் சீக்கிரமே. பழைய வெறும் பிளாஸ்டிக் ஓடு மஞ்சளாகும், ஆனால் ஒட்டாது. பிசுபிசுப்பு வந்துவிட்டால் 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் பருத்தித் துணியை நனைத்துப் பூச்சு முழுவதையும் துடைத்தெடுத்துவிடுங்கள். டிஷ்யூ பேப்பர் ஒட்டிக்கொள்ளும். தின்னர், நெயில் பாலிஷ் ரிமூவர் பக்கமே போகாதீர்கள். ஓடும் சேர்ந்து கரையும்.

வயர்லெஸ்ஸை நான் அடியோடு மறுக்கவில்லை. டபுள் ஏ பேட்டரி போடுகிற லாஜிடெக் எம்185 போன்றவை எளிமையானவை. பேட்டரி தீர்ந்தால் மாற்றினோம், வேலையைத் தொடர்ந்தோம். உள்ளேயே ஒட்டிவைத்த லித்தியம் பேட்டரிதான் தொல்லை. உப்பினால் மேல் ஓட்டைத் தூக்கும், கிளிக்கும் கெடும். ஆப்பிளின் 2009 மேஜிக் மவுஸில் இரண்டு டபுள் ஏ இருந்தது. 2015 மாடலில் பேட்டரியை உள்ளே புதைத்து, சார்ஜ் துளையை வயிற்றில் வைத்தார்கள். சார்ஜ் ஏறும்போது மவுஸைப் பயன்படுத்தவே முடியாது. 2024-இல் துளை யூஎஸ்பி-சி ஆனது, இடம் மாறவில்லை. உங்கள் வயர்லெஸ் மவுஸ் அவ்வப்போது திக்கினால் உடனே குறை சொல்லிவிட வேண்டாம். யூஎஸ்பி 3.0 போர்ட் 2.4 கிகாஹெர்ட்ஸில் இரைச்சல் கிளப்பும், 2012-இல் இன்டெல்லே இதை எழுதி வெளியிட்டது. ரிசீவரை நீலநிறப் போர்ட்டிலிருந்து எடுத்து, ஒரு சின்ன யூஎஸ்பி 2.0 எக்ஸ்டென்ஷன் வயரில் மவுஸுக்கு அருகே வையுங்கள்.

பழைய வடிவம் வேண்டும், ஆனால் பழைய சரக்கு வேண்டாம் என்பவர்களுக்கும் வழி வந்தது. மைக்ரோசாஃப்ட் 2017-இல் கிளாசிக் இன்டெல்லிமவுஸையும், 2019-இல் புது சென்சாரோடு புரோ இன்டெல்லிமவுஸையும் விட்டது. லாஜிடெக் அதே 2019-இல் எம்எக்ஸ்518-ஐ ஹீரோ என்ற தன் புது சென்சார் போட்டுத் திரும்பக் கொண்டுவந்தது. கம்பெனிகளே பழைய அச்சை எடுத்து வார்த்த பிறகும் இதைப் பழங்கால ஏக்கம் என்று சொல்வது சரியல்ல. அலுவலகத்துக்குச் சும்மா ஒன்று போதுமென்றால் 800 டிபிஐ லாஜிடெக் பி100, 1000 டிபிஐ டெல் எம்எஸ்116 இரண்டும் பரவாயில்லை. கை பெரியதாக இருந்தால் இவை உள்ளங்கையை நிரப்பாது, மணிக்கட்டு மேசையில் அழுந்தும். எக்ஸ்ப்ளோரர் அல்லது 518 வடிவத்துக்கே போங்கள்.

செகண்ட் ஹேண்டில் வாங்கும்போது, யூஎஸ்பிக்கு முந்தைய வட்டமான பிஎஸ்/2 முள் மட்டும் உள்ள மவுஸுக்குப் பச்சை நிறச் சின்ன அடாப்டர் உதவாது. அந்த அடாப்டர் பிஎஸ்/2, யூஎஸ்பி என இரண்டு மொழியும் தெரிந்த மவுஸுக்கு மட்டுமே. மற்றவற்றுக்குச் சிப் வைத்த கன்வெர்ட்டர் வேண்டும். வயரை மவுஸின் கழுத்தருகே வளைத்து வளைத்துப் பாருங்கள், அடியில் சிவப்பு விளக்கு அணைந்து எரிந்தால் உள்ளே கம்பி அறுந்திருக்கிறது. முழு வயரையும் மாற்றுவதற்கு முன், கழுத்திலிருந்து மூன்று செ.மீ. வெட்டி எறிந்துவிட்டு மிச்ச வயரை மீண்டும் சால்டர் செய்தாலே பெரும்பாலும் சரியாகும். புது வயர் போட்டே ஆக வேண்டுமென்றால், சிவப்பு 5 வோல்ட், கறுப்பு கிரவுண்ட், வெள்ளையும் பச்சையும் டேட்டா என்பது பொது வழக்கு. ஆனால் போர்டில் இருக்கும் கனெக்டரின் வரிசை மாடலுக்கு மாடல் மாறும், மலிவு வயர்களில் நிறமே மாறியிருக்கும். மல்டிமீட்டரை பீப் நிலையில் வைத்து யூஎஸ்பி முனையிலிருந்து ஒவ்வொரு கம்பியாகச் சோதித்த பிறகே செருகுங்கள். 5 வோல்ட்டும் கிரவுண்டும் இடம் மாறினால் சிப் அந்த நிமிடமே போய்விடும், அந்தப் பழைய சிப்புக்கு மாற்று கிடைக்காது.