பதில்: மனைவிக்கு ஐந்தாம் மாதம், பழைய ஜன்னல் பெயிண்டைச் சுரண்டலாமா?

1994இல் கட்டிய வீடு, மஞ்சள் எனாமல் உரிகிறது, வளைகாப்புக்கு முன் உப்புத்தாள் போட்டுத் தேய்க்க பெயிண்டர் வருகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். முதலில் அவரை நிறுத்துங்கள். வாடையை விடத் தூசிதான் ஆபத்து, பழைய பெயிண்ட் தூசியில் ஈயம் இருக்கலாம்.

வீட்டு பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) தாண்டக்கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் அமலானது. அதற்கு முந்தைய எனாமலில், குறிப்பாக மஞ்சள், பச்சை, சிவப்பில், ஆயிரக்கணக்கான பிபிஎம் இருப்பது சகஜம். மஞ்சளுக்குப் போட்டது பெரும்பாலும் லெட் குரோமேட், அதாவது ஈயமும் குரோமியமும் சேர்ந்த நிறமி. அதிலுள்ள குரோமியம் நுரையீரல் புற்றுநோய் தரும். ஈயம் நஞ்சுக்கொடி தாண்டிக் குழந்தையின் மூளை வரை போகும்.

உரிசல் கொஞ்சம்தான் என்றால் சுரண்டாமல் மேலேயே பிரைமர் அடித்து மூடிவிடலாம். சுரண்டியே ஆகவேண்டுமென்றால், வேலை முடிந்து வீடு துடைக்கும்வரை மனைவி அம்மா வீட்டில் இருக்கட்டும். தரையில் ஆறடிக்குத் தடித்த பிளாஸ்டிக் விரிப்பு. ஸ்பிரேயரில் நனைத்து நனைத்து வாட்டர் பேப்பரால் (ஈரத்தில் தேய்க்கும் உப்புத்தாள்) மட்டும் தேய்க்கச் சொல்லுங்கள். பெயிண்டைச் சுட்டு உரிக்கும் புளோ லாம்ப் வேண்டவே வேண்டாம், சூட்டில் ஈயம் ஆவியாகும். துடைப்பமும் கூடாது, தூசி கிளம்பி மறுபடி படியும். சோப்புத் தண்ணீரில் துணி நனைத்து இரண்டு தடவை துடைத்து, துணியையும் விரிப்போடு சுருட்டி எறிந்துவிடுங்கள். பெயிண்டர் உடுப்பு வீட்டு வாஷிங் மெஷினுக்குள் போகக்கூடாது.

ஏற்கெனவே ஒருநாள் தேய்த்தாயிற்றா? மருத்துவரிடம் சொல்லி நரம்பில் எடுத்த ரத்தத்தில் ஈய அளவு பாருங்கள். டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் தொட்டால் கவனிக்க வேண்டும். கால்சியம் மாத்திரையை விடாமல் போடட்டும், இரும்புச்சத்து மாத்திரையோடு சேர்த்து அல்ல.