ஆஃப் நாளில் ஜெர்மன் படிப்பதா, மகனைப் பார்ப்பதா?

கேள்வி: அக்கா, தனியார் மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். ஜெர்மனி வேலைக்கு ஜெர்மன் மொழியில் பி2 நிலை கேட்கிறார்கள், அதற்கு முந்தைய பி1 முடித்துவிட்டேன். மகனுக்கு மூன்று வயது. வாரத்தில் ஒருநாள்தான் ஆஃப், பெரும்பாலும் செவ்வாய். மற்ற நாளெல்லாம் அவனை விட்டுவிட்டுப் போகிறோமே என்று அன்றைக்கு மட்டும் பால்வாடிக்கு அனுப்பாமல் என்னோடு வைத்துக்கொள்கிறேன். புத்தகத்தை எடுத்தால் மடியில் ஏறி பேனாவைப் பிடுங்குகிறான். அதட்டிவிட்டு அப்புறம் நானே அழுகிறேன். சமையலை மாமியார் பார்த்துக்கொள்வார், வீட்டுக்காரர் வரவே இரவு எட்டு ஆகிவிடும். படிப்பை விட்டுவிடலாமா?
– பெயர் வேண்டாம், நாகர்கோவில்

பதில்: விட வேண்டாம். செவ்வாய்க்கிழமையும் அவனைப் பால்வாடிக்கு அனுப்புங்கள்.

கோபம் வரும், தெரியும். ஆனால் யோசித்துப் பாருங்கள்: அவன் போய்த் திரும்பும் வரை உள்ள அந்த இரண்டு மூன்று மணி நேரம்தான் வாரம் முழுக்க உங்களுக்குக் கிடைக்கிற ஒரே அமைதியான நேரம், அதைப் பாசத்தின் பேரில் நீங்களே கைவிட்டுவிட்டு, நாள் முழுக்க அவனையும் சரியாகப் பார்க்காமல் புத்தகத்தையும் சரியாகப் பார்க்காமல் தவிக்கிறீர்கள். அம்மா பக்கத்திலேயே இருந்தும் கண் வேறெங்கோ இருந்தால் எந்தப் பிள்ளையும் பேனாவைப் பிடுங்கத்தான் செய்யும். காலை படிப்புக்கு, மதியத்திலிருந்து முழுக்க அவனுக்கு, அப்போது புத்தகம் அலமாரியில். நைட் டூட்டி முடிந்து வருகிற ஆஃப் என்றால் மட்டும் காலையில் படிப்பும் வேண்டாம், தூங்குங்கள்.

கிடைக்கிற அந்த நேரத்தை எழுத்துப் பயிற்சிக்கு வைத்துக்கொள்ளுங்கள். (துணி ஊற வைக்கப் போனீர்களென்றால் நான் சொன்னதெல்லாம் வீண்.) ஜெர்மன் மொழியைக் கற்பித்துத் தேர்வும் நடத்துகிற கதே இன்ஸ்டிட்யூட்டின் பி2 தேர்வில் எழுத்துப் பகுதி மட்டும் 75 நிமிடம், 150 சொல்லில் ஒரு கருத்து, 100 சொல்லில் ஒரு முறையான செய்தி. இதைக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு யாராலும் பழக முடியாது. கேட்டல் பயிற்சியை பஸ்ஸில் முடித்துக்கொள்ளலாம், ஜெர்மனியின் ஒலிபரப்பு நிறுவனமான டாய்ச்சே வெல்லே நிதானமாக வாசிக்கிற செய்திகளை இலவசமாகவே தருகிறது. பேச்சுத் தேர்வில் ஒரு தலைப்பைப் பற்றி நான்கு நிமிடம் பேச வேண்டும் அல்லவா, அதை மகனுக்குச் சோறு ஊட்டும்போது அவனிடமே பேசிப் பாருங்கள். அவனுக்கு ஒன்றும் புரியாது, ஆனால் அம்மா தன்னைப் பார்த்துத்தானே பேசுகிறாள், அது போதும் அவனுக்கு. இலக்கணப் பிழையும் கண்டுபிடிக்க மாட்டான்.

இன்னொன்று, இது முக்கியம். அந்தத் தேர்வின் நான்கு பகுதிகளையும் ஒரே தடவையில் எழுதியாக வேண்டும் என்று நினைத்துப் பயந்துகொண்டிருக்கிறீர்களோ என்னவோ. தேவையில்லை. வாசிப்பு, கேட்டல், எழுத்து, பேச்சு ஒவ்வொன்றையும் தனித்தனியாக எழுதலாம், ஒவ்வொன்றிலும் நூற்றுக்கு 60 எடுத்தால் தேர்ச்சி, ஒன்றில் தவறினால் அதை மட்டும் திரும்ப எழுதினால் போதும். வேறு நிறுவனத்தின் தேர்வு என்றால் விதியும் வேறு, எந்தச் சான்றிதழை ஏற்பார்கள் என்று பணம் கட்டுவதற்கு முன்பே, வேலைக்கு அனுப்புகிற ஏஜென்சியிடம் கேட்டுவிடுங்கள். ஆறே மாதத்தில் பி2 என்று அவர்கள் சொன்னால் சிரித்துவிட்டு வாருங்கள். ஆரம்பத்திலிருந்து பி2 வரை 45 நிமிட வகுப்புகள் 600 முதல் 800 வரை தேவைப்படும் என்பது கதே இன்ஸ்டிட்யூட்டே சொல்கிற கணக்கு. டூட்டியும் குழந்தையும் இருக்கிற உங்களுக்குக் கொஞ்சம் கூடுதலாக ஆனால் என்ன குறைந்துவிடும்?

சரி, வீட்டுக்காரர். அவரிடம் "கொஞ்சம் ஹெல்ப் பண்ணுங்க" என்று கேட்காதீர்கள், அப்படிக் கேட்டால் அது உங்கள் வேலையாகவே இருக்கும், அவர் தோன்றினால் செய்வார். எட்டு மணிக்கு வந்த பிறகு மகனைச் சாப்பிட வைத்துத் தூங்க வைப்பது அவருடைய வேலை என்று கொடுத்துவிடுங்கள். முதல் ஒரு வாரம் பையன் அழுவான், நீங்கள் எட்டிப் பார்க்காதீர்கள். அப்புறம், பின்னாடி குடும்பத்தோடு ஜெர்மனி போகிற யோசனை இருந்தால் அவருடைய விசாவுக்கும் ஏ1, அதாவது ஜெர்மனில் முதல் நிலை, கேட்கலாம், அதனால் அவரையும் இப்போதே ஆரம்பிக்கச் சொல்லுங்கள்.