உண்ணி மாத்திரை: கொடுக்கலாமா, கூடாதா?

வேளச்சேரியிலிருந்து: டாக்டர், எங்க லேப்ரடாருக்கு மூணு வயசு. உண்ணிக்கும் தெள்ளுப்பூச்சிக்கும் மாசாமாசம் மாத்திரை கொடுக்கச் சொல்றாங்க. வலிப்பு வரும்னு சொந்தக்காரர் ஒருத்தர் பயமுறுத்துறார். என்ன பண்றது?

அவர் சொல்வதில் உண்மை இருக்கிறதம்மா. நெக்ஸ்கார்டு, பிராவெக்டோ, சிம்பாரிகா என்ற பெயர்களில் வரும் இந்த மாத்திரைகள் எல்லாம் ஐசாக்ஸசோலின் என்ற ஒரே மருந்துக் குடும்பம். மருந்து நாயின் ரத்தத்தில் கலந்திருக்கும். கடிக்கிற பூச்சியின் நரம்பு கட்டுப்பாடிழந்து துடித்து, அது செத்துப்போகும். நாயின் நரம்பைவிடப் பூச்சியின் நரம்பைத்தான் இது பல மடங்கு பலமாகப் பிடிக்கிறது. ஆனாலும் சில நாய்களுக்கு நடுக்கம், தள்ளாட்டம், வலிப்பு வந்திருக்கின்றன. அதற்கு முன் வலிப்பே வராத நாய்களும் அதில் உண்டு. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2018 செப்டம்பரில் இதை எச்சரிக்கையாகவே அறிவித்தது. மருந்துக்குத் தடை போடவில்லை.

உங்கள் நாய் ஆரோக்கியமாக இருந்தால் கொடுங்கள் என்பேன். சென்னையில் குளிர்காலம் என்று ஒன்று கிடையாது, உண்ணிக்கு வருஷம் முழுக்கக் கொண்டாட்டம்தான். அது கடித்துப் பரப்பும் எர்லிக்கியா, பபீசியா காய்ச்சலில் தட்டணுக்கள் சரிந்து, மூக்கில் ரத்தம் வடிய, ஈறு வெளுத்துப்போய் வரும் நாய்களை ஓயாமல் பார்க்கிறேன். மாத்திரையால் வலிப்பு வந்து என்னிடம் வந்தவை மிகச் சில. பூச்சி கடித்த பிறகுதான் மருந்து வேலை செய்யும் என்பதால், மாத்திரை கொடுத்தாலும் தினமும் காது மடலையும் விரலிடுக்கையும் தடவிப் பார்க்க வேண்டும்.

பெரம்பூரிலிருந்து: எங்க பையனுக்குக் குட்டியா இருந்தப்ப ரெண்டு தடவை ஃபிட்ஸ் வந்துச்சு. இப்ப நல்லாத்தான் இருக்கான்.

இவனுக்கு வேண்டாம். மருந்து கலந்த கழுத்துப் பட்டையோ முதுகில் விடும் சொட்டு மருந்தோ போதும். எது சரி என்பதை அவன் பழைய சீட்டுகளோடு உங்கள் டாக்டரிடமோ வேப்பேரி கால்நடை மருத்துவமனையிலோ கேட்டு முடிவு செய்யுங்கள். பிராவெக்டோவின் வேலை 12 வாரம். விழுங்கியதைத் திரும்ப எடுக்க முடியாது. அதனால் ஆரோக்கியமான நாய்க்கும் முதல் தடவை ஒரு மாத மாத்திரையையே எழுதித் தருகிறேன்.

அம்பத்தூரிலிருந்து: பெரிய நாய் மாத்திரையை வாங்கி ரெண்டு சின்ன நாய்க்குப் பாதி பாதியா கொடுத்தா காசு மிச்சமாகும்ல சார்?

செய்யாதீர்கள். இரண்டு பாதியிலும் மருந்து சமமாக இருக்கும் என்று சொல்ல முடியாது. ஒன்றுக்கு அதிகமாகும், இன்னொன்றுக்குப் பலிக்காது. கிளினிக்கில் எடை போட்டு, அந்த எடைக்கான மாத்திரையை வாங்குங்கள். காய்ச்சல் வந்தால் ரத்தப் பரிசோதனைக்கும் டிரிப்ஸுக்கும் ஆகிற செலவோடு ஒப்பிட்டால் இது சிறிய தொகை.

மயிலாப்பூரிலிருந்து: நாய்க்கு வாங்கின சொட்டு மருந்து மீதி இருக்கு. பூனைக்கு விடலாமா?

கூடவே கூடாது. அதில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருந்தால் பூனை செத்தே போகலாம்.

தாம்பரத்திலிருந்து: மாத்திரை கொடுத்து மூணு வாரமாச்சு. இன்னும் தெள்ளு துள்ளுது. போலி மருந்தா?

அவசரப்பட்டுக் கடைக்காரரைத் திட்டாதீர்கள். மாத்திரை கொல்வது நாயைக் கடிக்கும் பூச்சியை மட்டும். முட்டையும் புழுவும் பாயிலும் சோபா இடுக்கிலும் கிடக்கின்றன, கூட்டுப்புழு மாதக்கணக்கில்கூடக் காத்திருக்கும். படுக்கை விரிப்பை வாராவாரம் வெந்நீரில் அலசி மொட்டை மாடி வெயிலில் போடுங்கள். உண்ணி சுவரேறி விரிசலில் முட்டையிடும், ஒரு பெண் உண்ணி ஆயிரக்கணக்கில். விரிசலைப் பூசி அடையுங்கள். வீட்டில் நாய் பூனை எத்தனை இருந்தாலும் எல்லாவற்றுக்கும் அதனதன் மருந்து போக வேண்டும். மூன்று மாதமாவது விடாமல் செய்யுங்கள்.

வேளச்சேரியிலிருந்து மறுபடியும்: அப்ப கொடுக்கிறேன் டாக்டர். எப்பக் கொடுக்கணும்?

காலையில், சாப்பாட்டோடு, நீங்கள் வீட்டில் இருக்கிற நாளாகப் பார்த்து. ஒரு தடவை வாந்தியெடுத்தால் பயப்பட வேண்டாம். உடல் நடுங்கினாலோ பின்னங்கால் தள்ளாடினாலோ செல்போனில் வீடியோ எடுத்துக்கொண்டு, மாத்திரை அட்டையோடு உடனே கிளம்பிவிடுங்கள்.