வீட்டு அறையில் மிக்ஸிங்: ஹெட்போனா, மானிட்டரா?

கேள்வி: 3.5 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம் உள்ள அறையில் பாட்டு மிக்ஸ் செய்யப் போகிறேன். கூரை உயரமும் 3 மீட்டர்தான். வாடகை வீடு என்பதால் சுவரில் எதையும் மாட்ட முடியாது. இப்போதைக்கு ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது. ஹெட்போன் வாங்குவதா, ஸ்டுடியோ மானிட்டர் (மிக்ஸிங்குக்கான ஸ்பீக்கர்) வாங்குவதா?

பதில்: ஹெட்போன் வாங்குங்கள், அதிலும் காதுமூடியின் பின்புறம் திறந்திருக்கும் ஓப்பன் பேக் வகை. உங்கள் அறைதான் காரணம்.

எதிரெதிர் சுவர்களுக்கிடையே ஒலி எந்த அதிர்வெண்ணில் சிக்கிக்கொள்ளும் என்பதைக் கணக்கிடுவது சுலபம். ஒலியின் வேகம் விநாடிக்கு 343 மீட்டர். அதைச் சுவர் இடைவெளியின் இரு மடங்கால் வகுத்தால் போதும். 3 மீட்டருக்கு 57 ஹெர்ட்ஸ் வருகிறது. உங்களுக்கு அகலமும் உயரமும் ஒன்றே என்பதால் இரண்டின் சிக்கலும் ஒரே இடத்தில் வந்து விழுகிறது. கிக் டிரம்மின் கனமும், 55 ஹெர்ட்ஸில் ஒலிக்கும் பேஸ் கிட்டாரின் தாழ்ந்த ஏ ஸ்வரமும் அந்தப் பக்கத்தில்தான் இருக்கின்றன.

இந்த அதிர்வு சுவரோரம் உச்சத்தில் இருக்கும், நடுவில் அடங்கிவிடும். மானிட்டர் வைத்து வேலை செய்பவர் அகலத்தின் மத்தியில்தான் உட்கார வேண்டும். காதும் தரைக்கும் கூரைக்கும் ஏறத்தாழ நடுவில் வந்துவிடும். அங்கே கிக் மெலிந்து கேட்கும், நீங்கள் அதன் சத்தத்தைக் கூட்டும் ஃபேடரை ஏற்றுவீர்கள். அதே பாட்டைக் காரில் போட்டால் பேஸ் குமுறும். இரவல் மானிட்டர் கிடைத்தால் 57 ஹெர்ட்ஸ் சைன் டோனை (ஒரே அதிர்வெண் மட்டும் உள்ள ஒலி)க் குறைந்த சத்தத்தில் ஓடவிட்டு, அறை நடுவிலிருந்து சுவர் வரை நடந்து பாருங்கள். டோன் மாறாமல் இருக்க, சத்தம் மட்டும் ஏறி இறங்குவது தெரியும்.

அறைக்கேற்ப ஒலியைத் திருத்தும் ரூம் கரெக்ஷன் மென்பொருள் இதைச் சரிசெய்துவிடும் என்று நம்பி மானிட்டர் வாங்காதீர்கள். மேடாக இருக்கும் அதிர்வெண்ணை அது இறக்கும். பள்ளத்தை அதனால் நிரப்ப முடியாது. அங்கே எவ்வளவு கூட்டினாலும் சுவரில் பட்டு வரும் ஒலியும் கூடவே கூடி, நேர் ஒலியை அழித்துக்கொண்டே இருக்கும்.

எந்த ஹெட்போன் மாடல் என்றால், மிட் பகுதியை நம்பகமாகக் காட்டுவதில் சென்ஹைசர் ஹெச்டி 600 நல்ல தேர்வு. அடி பேஸ் அதில் சற்று மெலிவு. பேயர்டைனமிக் டிடி 990 ப்ரோவைப் பலர் வாங்குகிறார்கள். அதில் ட்ரெபிள் தூக்கலாக இருப்பதால் சிம்பலையும் 'ஸ' ஓசையையும் அளவுக்கு மீறிக் குறைத்துவிட வாய்ப்பு உண்டு, மிக்ஸ் மங்கிப்போகும். அதே அறையில் குரலும் பதிவு செய்வீர்கள் என்றால் பாடுபவருக்குத் தனியாகப் பின்புறம் மூடிய க்ளோஸ்டு பேக் ஹெட்போன் ஒன்று தேவைப்படும். ஓப்பன் பேக்கிலிருந்து கசியும், தாளம் காட்டும் கிளிக் சத்தம் மைக்கில் ஏறிவிடும்.

கேள்வி: ஹெட்போனில் பிரமாதமாகக் கேட்கும் மிக்ஸ், ஸ்பீக்கரில் போட்டால் வறண்டு, குறுகிப்போய்க் கேட்கிறது. ஏன்?

பதில்: ஸ்பீக்கரில் இடது பக்க ஒலி வலது காதுக்கும் போய்ச் சேரும், கால் மில்லிசெகண்ட் அளவு தாமதமாக. ஹெட்போனில் அந்தக் கலப்பு கிடையாது. அதனால் கொஞ்சம் பேன் செய்தாலே (ஒலியை இடமோ வலமோ நகர்த்தினாலே) அகலமாகத் தோன்றுகிறது, அதோடு நிறுத்திவிடுகிறீர்கள். ரிவெர்ப் எனும் அறை முழக்கத்தின் வாலும் துல்லியமாகக் காதில் விழுவதால் குறைவாகவே போடுகிறீர்கள். மாஸ்டர் சேனலின் கடைசியில் ஒரு பக்க ஒலியை மறு காதுக்கும் சிறிது கலந்து தரும் கிராஸ்ஃபீட் ப்ளக்இன் ஒன்றைப் போட்டு வேலை செய்யுங்கள். எக்ஸ்போர்ட் செய்யும்முன் மறக்காமல் அணைத்துவிடுங்கள்.

அதைவிடப் பெரிய உதவி, வெளியான ஒரு பாட்டை ரெஃபரன்ஸாக வைத்துக்கொள்வது. அது மாஸ்டரிங் (வெளியீட்டுக்கு முந்தைய கடைசி மெருகூட்டல்) முடிந்தது, சத்தம் அதிகம். சத்தம் அதிகமானது காதுக்கு எப்போதும் நன்றாகவே படும். லவுட்னஸ் மீட்டரில் அது -9, உங்கள் மிக்ஸ் -18 எல்யூஎஃப்எஸ் (லவுட்னஸை அளக்கும் அலகு) என்று காட்டினால், அந்தப் பாட்டை 9 டெசிபல் இறக்கிவிட்டுத்தான் ஒப்பிட வேண்டும். பேஸ், ரிவெர்ப், குரலின் உயரம் மூன்றையும் தனித்தனியாக மாற்றி மாற்றிக் கேளுங்கள். கடைசியில் இடது வலது இரண்டையும் ஒன்றாக்கி மோனோவில் ஒருமுறை சின்ன ஸ்பீக்கரில் ஓடவிடுங்கள். ஸ்டீரியோ வைடனர் போட்ட சின்த் காணாமல் போனால் ஃபேஸ் சிக்கல், அதாவது இரு பக்க அலைகளும் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன.

கேள்வி: 80 ஓம், 250 ஓம் ஹெட்போன் இரண்டில் எது தரமானது?

பதில்: ஓம் எண் மின்தடையைச் சொல்லும், தரத்தைச் சொல்லாது. 250 ஓமுக்கு அதிக வோல்டேஜ் வேண்டும்; லேப்டாப் ஜாக்கில் நேரடியாகச் செருகினால் பெரும்பாலும் சத்தம் போதாது. உங்கள் ஆடியோ இன்டர்ஃபேஸின் (கணினியோடு மைக்கையும் ஹெட்போனையும் இணைக்கும் பெட்டி) ஹெட்போன் குமிழை முக்கால்வாசி திருப்பும்போதே தாராளமாகக் கேட்டால் தனி ஆம்ப் வாங்க வேண்டாம். ஓம் குறைந்த ஹெட்போனுக்கு, ஜாக்கின் அவுட்புட் இம்பீடன்ஸ் (ஜாக்கின் சொந்த மின்தடை) ஹெட்போனின் ஓமில் எட்டில் ஒரு பங்குக்குள் இருக்கட்டும். கூடினால் சில மாடல்களில் பேஸ் உப்பிவிடும்.

கேள்வி: 5 அங்குல மானிட்டர் ஜோடி ஏற்கெனவே வாங்கிவிட்டேன். சுவர் முழுக்க ஃபோம் ஒட்டியும் பேஸ் தெளியவில்லை.

பதில்: மெல்லிய ஃபோம் ட்ரெபிளை மட்டும்தான் உறிஞ்சும். அறை மந்தமாகிவிடும், பேஸ் அப்படியே இருக்கும். ஃபோமுக்குப் பதில் 10 செ.மீ. தடிமனுள்ள மினரல் வூல் பேனல்களைத் துணி சுற்றி, தரையில் நிற்கும் சட்டத்தில் வையுங்கள். முதலில் மூலைகள், பிறகு இரு பக்கச் சுவர்கள். பக்கச் சுவரில் எங்கே என்பதற்கு, நீங்கள் இருக்கையில் அமர்ந்துகொண்டு வேறொருவரைச் சுவரோரமாகக் கண்ணாடியை நகர்த்தச் சொல்லுங்கள். மானிட்டர் எங்கே தெரிகிறதோ அங்கே.

மானிட்டரின் முன்முகம் அதன் பின்னால் உள்ள சுவரிலிருந்து 60 செ.மீ. தள்ளியிருந்தால் 143 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒரு பள்ளம் விழும். பேஸின் உடம்பே அங்கேதான் இருக்கிறது. சுவரை நெருக்கி, பின்னால் போர்ட் (காற்றுத் துளை) இருந்தால் அதற்கு 10 செ.மீ. மட்டும் விட்டு வைத்தால் பள்ளம் மேலே 250 ஹெர்ட்ஸ் அருகே போகும். அந்த இடத்தைப் பேனலால் சமாளிக்கலாம். சுவரால் கூடும் பேஸை மானிட்டரின் பின்பக்க ரூம் கண்ட்ரோல் சுவிட்சில் குறையுங்கள். யமஹா ஹெச்எஸ்5-இல் அது -2, -4 டெசிபல் என்றிருக்கும். இரு மானிட்டரும் உங்கள் தலையும் சம பக்க முக்கோணமாகவும், ட்வீட்டர் (ட்ரெபிளுக்கான சின்ன ஸ்பீக்கர்) காது உயரத்திலும் அமையட்டும்.

கேள்வி: சத்தம் அடக்கும் புளூடூத் ஹெட்போன் கையில் இருக்கிறது. அதிலேயே செய்யலாமா?

பதில்: வேண்டாம். தாமதம் ஒருபுறம், உள்ளே இருக்கும் சிப் தன் விருப்பத்துக்கு ஈக்யூ போட்டுத்தான் ஒலியைத் தருகிறது. சில மாடல்களில் ஒயர் செருகினாலும் ஒலி அந்த சிப் வழியாகத்தான் போகும். முடிந்த மிக்ஸைச் சோதித்துக் கேட்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.